பழவேற்காட்டுப் பிள்ளைகளும் சோழமண்டலத்துச் சித்திரங்களும்

நவீன சித்திரம் என்றால் நம்மவர்களில் படித்தவர்களுக்குத்தான் பயம். படிக்காதவர்களுக்குப் பயம் கிடையாது. அவர்கள் அதன் பக்கமே போவதில்லை. படித்தவர்கள் போவார்கள். படத்துக்கு முன்னால் நின்று, கைகளைப் பின்புறம் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "ஊம்" என்று ஒரு சப்தம் எழுப்பிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்வார்கள். அந்த "ஊம்" இருக்கிறதே, அதற்கு ஆயிரம் அர்த்தம் உண்டு. 'எனக்குப் புரியவில்லை' என்ற அர்த்தம் மட்டும் அதில் வந்துவிடாதபடி ஜாக்கிரதையாக இருப்பார்கள். வெளியே வந்து காபி சாப்பிடும்போதுதான் உண்மை வரும். "என் பேத்தி இதைவிட நன்றாகக் கிறுக்குவாள், ஸார்!"

அந்தப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து, "அம்மா, உனக்கு இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

பழவேற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் நண்பர் ஒருவர் தமிழ் வாத்தியாராக இருக்கிறார். பிள்ளைகளை ஒரு நாள் சென்னைக்கு அழைத்துப்போக வேண்டும், எங்கே காட்டலாம் என்று டெலிபோனில் யோசனை கேட்டார். வண்டலூர் மிருகங்களையும் கிண்டிப் பாம்புகளையும் அவரே சொல்லிவிட்டார். நான், "ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் இருக்கிறதே, கலைஞர் கிராமம், அங்கே அழைத்துப் போங்களேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இவங்க மீன்பிடிக்கிறவங்க வீட்டுப் பிள்ளைங்க, ஸார்" என்றார்.

அவர் தப்பாகச் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் உயிரைக் கொடுத்து உழைக்கிறவர். ஆனாலும் அந்த வாக்கியம் எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. அதனால்தான் நானும் கூட வருகிறேன் என்று சொன்னேன்.

பழவேற்காட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னைக்கு வடக்கே 60 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கிறது. ஒரிஸ்ஸாவின் சில்கா ஏரியை விட்டால் இந்தியாவில் இவ்வளவு பெரிய உப்புநீர் ஏரி வேறு கிடையாது. பெரும் பகுதி ஆந்திரத்துக்குச் சொந்தம், தென்கோடி நமக்கு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளப் படுத்திருக்கிறது. ராக்கெட் போகிற இரவில் குப்பத்து ஜனங்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். விடிந்தால் வழக்கம்போல் வலையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவார்கள். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டுவிட்டால் கடல் நீர் உள்ளே வராது. அதோடு வர வேண்டிய இறால் குஞ்சும் வராது. அப்புறம் அடுப்பில் பூனை தூங்க வேண்டியதுதான்.

ஏரியின் எந்த இடத்தில் எந்த ஊரார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதற்கு அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரு முறை இருக்கிறது. நல்ல இடம் ஒருவனுக்கே போய்விடாமல், சுற்று வைத்து மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். 'இன்றைக்கு எங்கள் பாடு' என்றால் இன்றைக்கு எங்கள் முறை. கஷ்டத்துக்கும் அதே சொல்தான் என்பதை அவர்களிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்; அவர்களுக்குத் தெரியும்.

இந்த ஊருக்கும் அந்தச் சித்திரக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பெயரிலேயே சம்பந்தம் இருக்கிறது. 1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். கெல்டிரியா என்று பெயர் வைத்தார்கள். சோழமண்டலம் என்ற நம்முடைய சொல் அவர்கள் வாயில் புகுந்து 'கோரமண்டல்' ஆகிவிட்டது; அந்தக் கோரமண்டல் கரை முழுவதிலும் இருந்த தங்கள் பண்டகசாலைகளை, 1690இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையை மாற்றும் வரையில், இங்கிருந்தேதான் நிர்வாகம் செய்தார்கள். இந்தப் பக்கத்துத் துணி கப்பலேறி ஜாவாவுக்கும் அதற்கு அப்பாலுள்ள தீவுகளுக்கும் போயிற்று. துணியைக் கொடுத்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகள் அவற்றைத் தினமும் பார்க்கிறார்கள்; கொஞ்சமும் பயப்படுவதில்லை.

ஜாவாவிலிருந்து ஒரு பதில் வந்தது என்று எனக்கு ஓர் எண்ணம். கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். 1960களின் தொடக்கத்தில் சென்னைக் கலாசாலையில் ஓவியம் படித்த வாலிபர்களுக்கு ஒரு கவலை. சித்திரம் வாங்குவார் இல்லை. படிப்பை முடித்தவன் விளம்பரப் பலகை எழுதப் போக வேண்டும், அல்லது ஏதாவது ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக உட்கார வேண்டும். கலாசாலையின் தலைவராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் இந்த விஷயத்தைப் பற்றி யோசித்தார். மெழுகைத் துணியில் தடவி, மெழுகு படாத இடத்தில் மட்டும் சாயம் ஏறும்படி செய்கிற 'பாத்திக்' வேலை இருக்கிறதல்லவா, ஜாவாக்காரர்களின் பெருமை, அதையும் வேறு கைத்தொழில்களையும் அந்த வாலிபர்கள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து, ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சுமார் 10 ஏக்கர் மணல்வெளி வாங்கினார்கள். 1966இல் முப்பது நாற்பது கலைஞர்கள் சேர்ந்து அங்கே ஒரு கிராமத்தையே உண்டாக்கினார்கள். பெயர் வைத்தது, சோழமண்டலம்.

அரசாங்க மானியத்துக்குக் காத்துக்கொண்டிராமல், எந்தச் சீமானின் தயவையும் நாடாமல், துணியை விற்று நிலம் வாங்கினார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். பாதி நாள் வயிற்றுக்காகக் கைத்தொழில், பாதி நாள் மனசுக்காகச் சித்திரம். எழுதிப் பிழைக்கிற எனக்கு இது நன்றாகவே புரிகிறது.

பிள்ளைகள் 22 பேர். வேன் புறப்பட்டது அதிகாலையில். கடற்கரைச் சாலையில் வரும்போது உழைப்பாளர் சிலையருகே வண்டியை நிறுத்தச் சொன்னேன். நாலு ஆட்கள் ஒரு பாறையை நெம்புகிறார்களே, எல்லோரும் பார்த்த சிலைதான். தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் திறந்தார்கள். 1929இலிருந்து 1957 வரையில் சென்னைக் கலாசாலைக்கு அவர்தான் தலைவர். 1850இல் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது.

ஒரு பையன் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஸார், இவங்களுக்குப் பழக்கம் இருக்கு" என்றான்.

"எப்படிச் சொல்கிறாய்?"

"காலை எங்க ஊனியிருக்காங்க பாருங்க. தண்ணி வத்தினா எங்க படகு சேத்துல தட்டிக்கும். எறங்கித் தள்ளணும். புதுசா வர்றவன் கையால தள்ளுவான். எங்க நைனா காலால தள்ளுவாரு."

நான் அந்தச் சிலையை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. கால்களைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பணிக்கர் இந்த ராய் சௌத்ரியின் சிஷ்யர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்து, குடும்பத்துக்காகச் சில காலம் தந்தி இலாகாவில் வேலை பார்த்து, 25 வயதுக்கு அப்புறம் வந்து மாணவனாக உட்கார்ந்தவர். குரு கண்ணால் கண்டதைக் கண்டபடி வார்க்கிறவர். சிஷ்யரும் ஆரம்பத்தில் தென்னந்தோப்பும் தண்ணீரும் படகுமாக அழகழகாய் எழுதிக்கொண்டிருந்தார். 1954இல் ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள புதிய ஓவியங்களையெல்லாம் பார்த்தார். திரும்பி வந்தவர், அவர்களைப் போலவே எழுதுவதற்கு நான் எதற்கு என்று கேட்டுக்கொண்டார் போலும். 1963 வாக்கில் 'சொற்களும் சின்னங்களும்' என்ற வரிசையைத் தொடங்கினார். 1977இல் காலமாகும் வரையில் அதை விடவில்லை.

அவருடைய சோழமண்டலத்தில் 2009இல் சென்னைக் கலைஞர்களின் படைப்புகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். வெளியே மரநிழலில் கல்லும் உலோகமுமாகச் சிற்பங்கள். உள்ளே நல்ல வெளிச்சம், வெள்ளைச் சுவர்கள், நிசப்தம். பிள்ளைகள் வாசலிலேயே ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வாத்தியார் உதட்டில் விரல் வைத்து, "யாரும் பேசக் கூடாது, எதையும் தொடக் கூடாது" என்றார். தொடக் கூடாதுதான், நியாயம். பேசினால் என்ன? சித்திரம் காது கேளாதது. அதற்குத் தொந்தரவு இல்லை. அவரைத் தனியாக அழைத்து இதைச் சொன்னேன். பேசுவதற்கு உத்தரவு கிடைத்தது.

பணிக்கருடைய படத்துக்கு முன்னால்தான் முதலில் பேச்சு கிளம்பியது. படம் நிறையப் பொடிப் பொடியாக எழுத்து. மலையாளம் மாதிரி இருக்கும், மலையாளம் தெரிந்தவனாலும் படிக்க முடியாது. கட்டங்கள், கோணங்கள், கணக்கு வாய்ப்பாடு போன்ற குறிகள், நடுநடுவே ஒரு மீனோ பறவையோ பாம்போ என்று சந்தேகப்படும்படியான உருவங்கள். நம்முடைய ஜாதகக் கட்டத்தையும் பழைய சுவடிகளையும் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள்.

"இது எழுத்தா, எழுத்து மாதிரியா?" என்றாள் ஒரு பெண்.

"எழுத்து மாதிரி" என்றேன்.

"அப்ப ஏவாரி நோட்டு" என்றான் பின்னால் நின்ற ஒருவன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குப் புரியவில்லை. வாத்தியார் விளக்கினார். இறால் எடுக்கிற வியாபாரி படகுக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்திருப்பான். யாரிடம் எத்தனை கிலோ எடுத்தான், எவ்வளவு கழித்தான், பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அவனுடைய நோட்டில் இருக்கும். அந்த எழுத்து அவனுக்கு மட்டும்தான் புரியும். வீட்டில் அப்பாவும் அம்மாவும் அதை உற்று உற்றுப் பார்ப்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள்.

பணிக்கரைப் பற்றிக் கலை விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். படிக்க முடியாத எழுத்து மனிதனை என்ன செய்கிறது என்பதை இந்தப் பையன் ஒரே வார்த்தையில் சொன்னதுபோல் சொன்னவர்கள் இருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். படத்தின் 'பொருள்' அதுதான் என்று நான் சாதிக்க வரவில்லை. பணிக்கரே கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார். ஆனால் அந்தப் பையன் படத்துக்கு முன்னால் "ஊம்" போடவில்லை. தன் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பார்ப்பது என்றால் வேறு என்ன?

ராமானுஜத்தின் சித்திரங்களை விட்டு அவர்களை நகர்த்துவது பெரும்பாடாகிவிட்டது. மாடி மாடியாக எழும்பும் மாளிகைகள், படிக்கட்டுகள், சிறகு முளைத்த விசித்திரப் பிராணிகள், நடுவில் தொப்பி போட்ட ஓர் ஆள். அந்தத் தொப்பிக்காரர் சித்திரக்காரரேதான். மனிதர்களோடு பழகத் தெரியாமல் திண்டாடிய மனிதர். காகிதத்தில் மட்டும் ராஜாவாக வாழ்ந்தார். 1973இல், இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகளிடம் அவர் முடிவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. "இவரு தனியா இருந்தாரா?" என்று ஒரு சிறுமி கேட்டபோது மட்டும், "ஆமாம்" என்றேன். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டதற்கு, "இவ்ளோ பெரிய வூடு, ஒரே ஆளு" என்றாள்.

நந்தகோபாலின் உலோகச் சிற்பம் பையன்களுக்கு. அவர் பணிக்கரின் மகன். 1946இல் பிறந்து 2017இல் காலமானார். செம்பும் பித்தளையும் தகடு தகடாகப் பற்றவைத்து, கோயில் வாகனம் மாதிரியும் தேர் மாதிரியும் நிறுத்தியிருப்பார். நம் கோயில் மூர்த்தங்களைப் போல முன்பக்கமிருந்து பார்ப்பதற்கென்றே செய்தவை. பையன்கள் அதெல்லாம் கேட்கவில்லை. குனிந்து, பற்றவைத்த இடத்தையெல்லாம் பரிசோதித்தார்கள். படகு எஞ்சின் பழுது பார்க்கிற மாமா ஒருவனுக்கு இருக்கிறாராம். "கைப்பழக்கம் இருக்கு" என்று சர்டிபிகேட் கொடுத்தான். சுல்தான் அலியின் காளையும் சேனாதிபதியின் கோடுகளும் அவர்களை அவ்வளவாகப் பிடித்து நிறுத்தவில்லை. பசி வேளை நெருங்கிவிட்டது ஒரு காரணம். எல்லாச் சித்திரமும் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லையே.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் சரியான பதில் அகப்படவில்லை. பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் பின்னுவார்கள். சாயம் ஏற்றிய ஓலையை வைத்து அவர்கள் போடுகிற கோலம் இருக்கிறதே, பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது. இந்தப் பெண்ணின் தாயார் அப்படிப் பின்னுகிறவர். "எங்கம்மா செய்றதை இங்க வைப்பாங்களா?" என்றாள்.

கொஞ்ச தூரம் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. கைத்தொழிலுக்கும் பழைய வீடுகளுக்கும் 1996இல் ஏற்பட்ட இடம். ஓலைப் பெட்டிக்கு அங்கே மரியாதை உண்டு என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனால் அவள் கேட்டது 'இங்க' என்று. கைத்தொழில் ஒரு கட்டடம், கலை ஒரு கட்டடம் என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம். பாத்திக் துணி விற்றிராவிட்டால் இந்தச் சுவர்களே எழும்பியிராது. அந்த மணலில் குடிசை போட்டுக் குடியேறியவர்கள் காலையில் கைத்தொழிலாளி, மாலையில் கலைஞன். அவர்களுக்கு இரண்டுக்கும் நடுவே இருந்த சுவர் மெல்லிசுதான். அதற்குப் பிறகு வந்த நாம் அதற்கு மேல் பூச்சுப் பூசிக் கெட்டிப்படுத்திவிட்டோம். அந்த அம்மாளின் பெட்டி ஒன்றை அதே வெள்ளைச் சுவருக்கு முன்னால், அதே வெளிச்சத்தில், ஒரு மாதம் வைத்துப் பார்த்தால் குடியா முழுகிப்போய்விடும்?

வேனில் ஓர் இடம் காலியாக இருந்தது, 23ஆவது இடம். அதற்கு உரியவள் வரவில்லை. ஏரியின் மேல்கரையில் இருக்கிற இருளர் பெண். அவர்களுக்கு வலையும் இல்லை, பாட்டில் பங்கும் இல்லை. பெண்கள் ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து, சேற்றில் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். விடுமுறை நாளில் இவளும் தாயாரோடு போக வேண்டும். நாங்கள் புறப்பட்டது சனிக்கிழமை. வாத்தியார் அவள் குடிசைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். தாயார் சண்டை பிடிக்கவில்லை. "ஒரு நாள் போனா ஒரு நாள் சோறு, ஐயா" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நடந்ததை வாத்தியார் டெலிபோனில் சொன்னார். போய்வந்த 22 பேரும் போகாதவளைச் சூழ்ந்துகொண்டு வர்ணித்திருக்கிறார்கள். ராமானுஜத்தின் மாளிகைக்கு எத்தனை மாடி என்று இரண்டு கட்சி ஏற்பட்டு அடிதடி வரையில் போயிற்றாம். ஒரு பையன் பணிக்கருடைய படத்தில் ஒரு மூலையைப் பென்சிலால் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தான். அதை அவளிடம் காட்டியிருக்கிறார்கள். அவள் நெடுநேரம் பார்த்திருக்கிறாள். பிறகு நோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தியிருக்கிறாள்.

"என்ன படிக்கிறாயா?" என்று வாத்தியார் கேட்டாராம்.

"இல்ல ஸார். கலங்கின தண்ணில இப்படித்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வெரலுக்குத் தட்டும்" என்றாளாம்.

இதைச் சொல்லும்போது வாத்தியாரின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "அடுத்த தடவை எப்போது வைக்கலாம்?" என்று கேட்டார். பரீட்சை லீவில் வைக்கலாம் என்றேன். "அது சரிப்படாது ஸார். லீவுன்னா அவ தண்ணிக்குள்ளதான் இருப்பா. பள்ளிக்கூடம் நடக்கிற நாளாப் பார்க்கணும், ஹெட்மாஸ்டர் கிட்டே உத்தரவு வாங்கணும்" என்றார். மேல்கரையில் அவளைப் போல இன்னும் ஆறு பேர் இருக்கிறார்களாம். வேன் பெரிதாகப் பிடிக்க வேண்டும்.